காதடைப்பான் வாங்கும் முன் இயந்திரத்தைப் பாருங்கள்

வேலை செய்யும் இடத்தில் சத்தம் அளவு மீறுகிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்தினால்தான் அவருக்குக் கேட்கிறது என்றால், சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) நிறுவனம் 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் வரம்பு அதுதான். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம்.

சரி, சத்தம் அதிகம்தான். உடனே எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள், அது கடைசிப் படி. முதலில் சத்தத்தின் மூலத்தைத் தேடுங்கள். லூசான போல்ட், தேய்ந்த பேரிங், கடகடவென்று அதிரும் தகர மூடி என்று பாதி நேரம் காரணம் சின்னதாகவே இருக்கும். கம்ப்ரசரைத் தனி அறைக்கு மாற்ற முடியுமா, அடியில் ரப்பர் வைக்க முடியுமா என்று பாருங்கள். அந்த இயந்திரத்தில் தினமும் நிற்பவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாததா!

அப்புறமும் காதடைப்பான் தேவைப்பட்டால், நுரை அடைப்பானை விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பலர் பாதி செருகியதோடு விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்த பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால், மறுநாளே கேட்புத்திறன் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.