மாதிரி ஐ.நா. மன்றத்தில் சைப்ரஸாகப் பேசத் தயாராவது எப்படி?

பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாதிரி ஐ.நா. மன்றப் பயிற்சி கொடுக்கிறேன். இதில் ஒவ்வொரு மாணவரும் சீட்டில் வந்த நாட்டின் பிரதிநிதியாகப் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கும்போது அமெரிக்கா வந்தவர் துள்ளுவார், சைப்ரஸ் வந்தவரின் முகம் வாடிவிடும். எனக்குப் பிடித்த சீட்டு அதுதான். பெரிய படை இல்லாத ஒரு நாடு சட்டத்தையும் நட்பையும் வைத்தே எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத் தரும் நாடு குறைவு.

முதலில் வரைபடம். பார்க்காமல் வரையும் வரை விடமாட்டேன். சைப்ரஸ் கிழக்கு மத்தியதரைக் கடலில் உள்ள தீவு. அதன் குறுக்கே சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. காவல் வலயம், அது தலைநகர் நிகோசியாவையே இரண்டாக வெட்டிப் போகிறது. தெற்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள சைப்ரஸ் குடியரசு. வடக்கே, தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நிலத்தில், 1983இல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட பகுதி. அதை அங்கீகரித்த ஒரே நாடு துருக்கி. அப்புறம் அக்ரோத்திரி, தெக்கேலியா என்ற இரண்டு பிரிட்டிஷ் தளங்கள். இவற்றை விட்டுவிட்டால் படம் முழுமையாகாது.

அடுத்து வரலாறு. இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். 1974 ஜூலை 20இல் துருக்கிப் படை இறங்கியதை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு 5 நாள் முன்பு, கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அதிபர் மக்காரியோசைக் கவிழ்த்தார்களே, அதையும் சொல்லுங்கள். 1963 இறுதியில் தீவின் கிரேக்க சைப்ரியாட்டுகள், துருக்கிய சைப்ரியாட்டுகள் என்ற இரு சமூகங்களிடையே வெடித்த இனமோதலையும், 1964 மார்ச்சில் 186ஆம் தீர்மானத்தின்படி ஐ.நா. படை வந்ததையும் சேருங்கள். 2004இல் தீவை மீண்டும் ஒன்றாக்க அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னான் வைத்த திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரியாட்டுகளில் 65 விழுக்காட்டினர் சரி என்றனர். கிரேக்க சைப்ரியாட்டுகளில் 76 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஒரு வாரத்தில் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது; சரி என்ற வடக்குக்கு அதன் பயன் கிட்டவில்லை. வடக்கில் அந்த வலி இன்னும் இருக்கிறது. அது தெரியாமல் சைப்ரஸுக்காகப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, மன்றத்தில் எந்தத் தலைப்பு வந்தாலும் ஒரே கேள்வியோடு தொடங்குங்கள்: இது வடக்குக்குத் தனி நாடு என்ற தகுதியைக் கொடுத்துவிடுமா? செர்பியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட கொசோவோவையே எடுத்துக்கொள்வோம். மலேசியா 2008இல் அதை அங்கீகரித்தது. சைப்ரஸ் அங்கீகரிக்கவில்லை. ஒரு பகுதி தானாகப் பிரிந்து போவதை அங்கே ஏற்றால், தன் வீட்டிலும் ஏற்க வேண்டிவரும் அல்லவா? நம் பிள்ளைகள் மலேசிய நிலைப்பாட்டையே மனதில் வைத்துக் கை தூக்கிவிடுவார்கள், கவனம். பாலஸ்தீனம் என்றால் தயக்கமே வேண்டாம். சைப்ரஸ் 1988இலேயே அங்கீகரித்துவிட்டது. மலேசியப் பிரதிநிதியோடு கைகோத்துப் பேசலாம்.

ஆனால் அதே மலேசியப் பிரதிநிதி, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் துருக்கிய சைப்ரியாட்டுகள் பார்வையாளராக உட்காருகிறார்களே என்று மடக்கலாம். பதில் கையில் இருக்கட்டும்: அது உறுப்புரிமை இல்லை, நாடாக அங்கீகரித்ததும் இல்லை. பாதுகாப்பு மன்றத்தின் 541, 550 தீர்மானங்கள் அந்த 1983 அறிவிப்பைச் செல்லாது என்கின்றன.

நேட்டோ இராணுவக் கூட்டணியில் இல்லாத இந்த நாட்டின் பெரிய பலம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் ஒரு வாக்கு. அங்கே வெளியுறவு முடிவுகளுக்குப் பெரும்பாலும் எல்லாரும் ஒப்ப வேண்டும். 2020இல் பெலருஸ் நாட்டின் மீது ஒன்றியம் விதிக்கவிருந்த தடைகளைச் சைப்ரஸ் சில வாரம் நிறுத்தி வைத்தது. கிழக்கு மத்தியதரைக் கடலில் எரிவாயு தேடும் துருக்கி மீதும் ஒன்றியம் உறுதியாக நிற்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. இந்த ஒரு நிகழ்வை நன்றாகப் படித்தாலே உங்கள் உரைக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

பழைய குறிப்புகளை நம்பி மேடை ஏறாதீர்கள். வடக்கின் தலைவராக இருந்த எர்சின் தத்தார் தீவில் இரு தனி நாடு கேட்டார்; 2025 அக்டோபர் தேர்தலில் அவரை வென்ற துஃபான் எர்ஹுர்மன் கூட்டாட்சிப் பேச்சை ஆதரிப்பவர். உங்கள் உரையின் தொனி இதற்கு ஏற்ப மாற வேண்டும்.

உரை தயாரானதும் நண்பரிடம் கொடுத்து அவரைச் சைப்ரஸாகப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் துருக்கியாக உட்கார்ந்து மறுத்துப் பேசுங்கள். எங்கே உங்களாலேயே எளிதாக உடைக்க முடிகிறதோ, அந்தப் பத்தியை அன்றைக்கே திருத்தி எழுதுங்கள்.