ஊரைப் பாடமாக்கும்போது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழல் கல்வியைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்தப் பாடத்தை ஏட்டோடு நிறுத்தாமல், மாணவர் வாழும் ஊரிலிருந்தே தொடங்க முயலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை வீணாக்கும் தவறுகளுள் முதன்மையானது, ஊரில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அதற்கு யார் காரணம் என்று முடிவுகட்டிவிடுவது. பெரும்பாலும் அந்தப் பழி, எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மீதோ அதன் குடும்பத்தின் மீதோதான் விழுகிறது.

ஃபுளூரைடு இதற்குச் சரியான சான்று. இங்கே நிலத்தடி நீர் கடினப் பாறைகளின் விரிசல்களில் தங்கியிருக்கிறது. அந்தப் பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு கரைந்து நீரில் சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், நிலைப்பற்கள் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை நிலையாகப் படிந்துவிடக்கூடும். இதை அறியாமல் சுகாதார வாரத்தில் கறைபடிந்த பற்களை உடைய மாணவரை முன்னே நிறுத்தி, ஒழுங்காகப் பல் துலக்கும்படி அறிவுரை சொல்வது பொய்யான பாடம். அது கொடுமையானதும் கூட. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. காய்ச்சும்போது நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் ஃபுளூரைடின் அளவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்கீழ் 2013 முதல் காவிரி நீர் வருகிறது என்றாலும், குடிப்பதற்கு எந்தத் தண்ணீர், சோறு வடிக்க எந்தத் தண்ணீர், குழாயில் வராத நாளில் எந்த ஆழ்துளைக் கிணறு என்று மாணவர்களே தங்கள் தெருவின் வரைபடத்தில் குறித்தால், அங்கேதான் பாடம் தொடங்குகிறது. அந்த வரைபடத்தில் வீட்டுக்காரர் பெயரை எழுதக் கூடாது. ஒருவர் பல்லை இன்னொருவர் ஆராயவும் விடக் கூடாது.

இதே பிழை ஓசூரில் வேறு வடிவில் வருகிறது. தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது, ஆற்றில் குப்பை போடாதீர்கள் என்று மாணவர்களிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் புறப்பகுதிக் கழிவுநீரைச் சுமந்துகொண்டுதான் தமிழகத்துக்குள் நுழைகிறது என்பதை ஆற்றின் வரைபடத்தை விரித்துக் காட்டாமல் எப்படிப் புரியவைக்க முடியும்?

யானையைப் பற்றிய பாடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கேழ்வரகு முற்றும் காலத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆண்டுதோறும் வருகின்றன. இரவெல்லாம் பரணில் காவல் இருந்துவிட்டு வந்த தந்தையின் பிள்ளையிடம், மனிதன் காட்டை அழித்ததால் யானை வருகிறது என்ற ஒற்றை வரியைச் சொல்வது அந்த வீட்டின் துயரத்தைக் காணாமல் கடப்பதாகும். யானையை எதிரியாக்குவதும் அதே அளவு பிழை. எந்த வாரத்தில் கதிர் முற்றியது, எந்த வாரத்தில் யானை வந்தது, எந்த ஓடை வழியாக வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். காலடித் தடம் பார்க்க விடியற்காலையில் மாணவர்களை அழைத்துச் செல்வதை மட்டும், வனத்துறையினர் உடன் இல்லாமல், ஒருபோதும் செய்யக் கூடாது.

மரம் நடுவதிலும் அவசரம் காட்டுகிறோம். உசிலமரமும் கள்ளியும் புல்லும் வளர்ந்த கரட்டு நிலத்தைத் தரிசு என்று பெயரிட்டு, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று அங்கே கன்று நட்டு, பிறகு ஆடு கடித்துவிட்டது என்று மேய்ப்பவரைக் குறைகூறுகிறோம். ஆநிரை காக்கப் போரிட்டு இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் இந்த மாவட்டங்களில் பல ஊர்களில் நிற்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நூற்றாண்டுகளாக மேய்ச்சலோடு வாழ்ந்த நிலம் இது என்பதற்கு அவற்றைவிட நல்ல பாடநூல் இல்லை.

ஒகேனக்கல்லுக்கு ஒருநாள் சுற்றுலா போய் வருவது மகிழ்ச்சிக்கு நல்லது. ஆனால் கற்றலுக்கு, உள்ளூர் ஏரியை வெயில் காலத்திலும் அது நிரம்பி வழிந்து கோடி போகும் காலத்திலும் மீண்டும் மீண்டும் பார்ப்பதே உதவும். தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் பிள்ளை ஒரு செடிக்குத் தன் வீட்டுப் பெயரைச் சொன்னால், அதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், திருத்த வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் தனியாகச் சுமப்பது இன்னொரு தவறு. தருமபுரி மாவட்டத்தில், நாகர்கூடல் அருகே புவிதம், சிட்லிங்கி பள்ளத்தாக்கில் துளிர் ஆகிய கற்றல் மையங்கள் மண்ணையும் கைத்தொழிலையும் படிப்போடு இணைத்துப் பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கோ பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. அத்தகைய கூடுகைகளில் விழாப் படங்களைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், எந்தக் கேள்விக்கு மாணவர்களிடமிருந்து விடை வரவில்லை, எந்தப் பாடம் தோற்றது என்பதையும் பேச வேண்டும். ஜனவரியில் தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே ஏரிச் சங்கிலியைப் பார்த்தால், ஒப்பிட்டுப் பேசக் கையில் ஏதாவது இருக்கும். அந்தப் பதிவேடு ஆசிரியருடைய அலமாரியில் இருக்கக் கூடாது. பள்ளியின் உடைமையாக இருந்தால்தான், இடமாறுதலில் வரும் அடுத்த ஆசிரியர் போன ஆண்டின் கடைசி வரியிலிருந்து தொடர முடியும்.