புளி ஒட்டிய தராசும் 41 விழாக்களும்: குறும்படத்தை விழாக்களுக்கு அனுப்புவது எப்படி

என் குறும்படம் விருதுநகர் சந்தையில் தராசு பழுது பார்க்கிற ஒருவரைப் பற்றியது. சொந்த மகனின் பலசரக்குக் கடையில் எடை குறைவதை அவர் கவனிக்கிறார். கடை பூட்டிய பிறகு சரக்குத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார். ஒரு உருண்டை புளி ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஐந்து நாளில் எடுத்து முடித்தோம். 41 விழாக்களுக்கு அனுப்பினேன். 9 இடங்களில் திரையிட்டார்கள். நான்கு இடங்களுக்கு நேரில் போனேன். கல்யாண வீடியோ எடிட் செய்து வருகிற பணத்தில்தான் இதையெல்லாம் செய்தேன் என்பதால், ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று நினைவிருக்கிறது. முதல் படத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று கேட்டு தம்பி, தங்கைகள் பலர் போன் செய்கிறார்கள். போனில் சொல்வதை இங்கே கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை எந்த ஊரில், எப்படிப்பட்ட ஆட்களோடு உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறீர்கள்? விருதுக்காக அனுப்ப ஆரம்பித்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. இருட்டு அரங்கில் முன்பின் தெரியாத நூறு பேர் பார்க்க வேண்டும் என்று நினைத்து அனுப்பினால் பட்டியல் தானாகச் சுருங்கும். நான் இதைப் பாதி வழியில்தான் புரிந்துகொண்டேன். அதற்குள் கட்டணமாக நிறையப் பணம் போய்விட்டது.

எடிட்டை இறுதி செய்து படத்தைப் பூட்டுவதற்கு முன்னால்

நீளத்தை எடிட்டிங் மேஜையிலேயே யோசியுங்கள். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு டைட்டில் கார்டெல்லாம் சேர்த்து 15 நிமிடம்தான் உச்சவரம்பு. பெர்லின் விழாவின் குறும்படப் பிரிவுக்கு 30 நிமிடம். ஆஸ்கரில் குறும்படம் என்றால் 40 நிமிடம் வரை. ஆனால் அனுமதிக்கிற நீளம் வேறு, இடம் கிடைக்கிற நீளம் வேறு. பல குறும்படங்களைச் சேர்த்துத் திரையிடுகிற ஒன்றரை மணி நேரத் தொகுப்பில் 25 நிமிடப் படம் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு சின்னப் படங்களுக்கு இடம் போய்விடும். தேர்வு செய்கிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

என் படம் 18 நிமிடம் இருந்தது. மனசே இல்லாமல் குறைத்துக் குறைத்து 14 நிமிடம் 40 விநாடிக்குக் கொண்டுவந்தேன். அப்புறம்தான் சிக்கல் வந்தது. கல்யாண வேலைப் பழக்கத்தில் கேமராவை நொடிக்கு 25 பிரேமில் வைத்துப் படம்பிடித்திருந்தேன். திரையரங்கில் ஓட்டுவதற்கான கோப்பு வடிவமான டிசிபியில் 24 பிரேம்தான் வழக்கம். 14 நிமிடம் 40 விநாடி என்பது 22,000 பிரேம். அதையே நொடிக்கு 24 என்று ஓட்டினால் 15 நிமிடம் 17 விநாடி ஆகிவிடுகிறது. குரலும் கொஞ்சம் கனத்துப்போகும். 15 நிமிடத்துக்குள் வர இன்னும் 400 பிரேம் வெட்ட வேண்டியிருந்தது. மகன் பீடி பற்றவைக்கிற ஷாட் அப்படித்தான் போனது. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆகவே படப்பிடிப்பின் முதல் நாளிலேயே கேமராவை 24இல் வையுங்கள்.

அடுத்தது பாட்டு. டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லைவ் சவுண்டில் அழகாகப் பதிவாகியிருந்தது. ஆனால் விழாவுக்கு அனுப்பும்போது எல்லா உரிமையும் நம்மிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் அனுப்புகிறோம். ஒரு சினிமாப் பாட்டுக்கு ஒலிப்பதிவின் உரிமை ஓரிடத்திலும், இசை, வரிகளின் உரிமை இன்னோரிடத்திலும் இருக்கலாம். இரண்டையும் வாங்குகிற வசதி நமக்கு இல்லை. அந்த ஒலியை எடுத்துவிட்டு, மறுபடி ஊருக்குப் போய் மிளகாய் மண்டியின் பேச்சுச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்தேன். காட்சி இன்னும் நன்றாக வந்தது.

சப்டைட்டில்

வெளியூர்த் தேர்வாளருக்கு உங்கள் வசனம் என்பது சப்டைட்டில்தான். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு வரிக்கு 40 எழுத்துக்குள், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமல் வையுங்கள். ஷாட் மாறுகிற இடத்தில் வரியும் மாறினால் கண்ணுக்கு உறுத்தாது. மொழிபெயர்த்த பிறகு, தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டுங்கள். அவர் எங்கே முகம் சுருக்குகிறாரோ அங்கே வரியை மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அதற்கு ‘பிரதர்’ என்று போட்டிருந்தேன். பார்த்த மலையாள நண்பர், “இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?” என்று கேட்டார். உடனே எல்லா இடத்திலும் ‘அண்ணாச்சி’ என்றே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டேன். இரண்டாவது தடவை வரும்போதே எல்லாருக்கும் அது ஒரு மரியாதைச் சொல் என்று புரிந்துவிடுகிறது.

கதைச் சுருக்கம்

படத்தைத் திறப்பதற்கு முன்னால் கண்ணில் படுவது இந்த நான்கு வரிதான். நான் முதலில் எழுதியது: ‘நேர்மைக்கும் பாசத்துக்கும் நடுவே சிக்கித் தவிக்கும் ஒரு முதியவரின் மனப்போராட்டம்.’ இது எந்தப் படத்துக்கும் பொருந்தும். பிறகு மாற்றியது: ‘விருதுநகர் சந்தையில் தராசு பழுது பார்ப்பவர், தன் மகனின் கடைத் தராசில் எடை குறைவதைக் கண்டுபிடிக்கிறார்.’ ஆள், ஊர், தொழில், சிக்கல் எல்லாம் இதில் இருக்கின்றன. போஸ்டர், மூன்று நல்ல ஸ்டில், இயக்குநர் குறிப்பு, எல்லாருடைய பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஸ்டில்லைப் படத்திலிருந்து பிடுங்காமல், படப்பிடிப்பிலேயே தனியாக எடுத்திருந்தால் நல்லது.

எங்கே அனுப்புவது

பெரும்பாலான விழாக்கள், இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிற ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் இருக்கின்றன. ஃபெஸ்ட்ஹோமும் உண்டு. ஃபிரான்சின் கிளேர்மான்ட்-ஃபெராண்ட் போன்ற குறும்பட விழாக்கள் ஷார்ட்ஃபிலிம்டிப்போ தளம் வழியாக வாங்குகின்றன. நம் பக்கத்து விழாக்கள் சில, தங்கள் சொந்த இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பம் வாங்கும். ஃபிலிம்ஃப்ரீவேயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவை தவறிப்போகும்.

நான் பட்டியலை மூன்று பங்காகப் பிரித்தேன். எட்டாத உயரம் என்று தெரிந்தும் அனுப்பியவை ஐந்து: கிளேர்மான்ட்-ஃபெராண்ட், 1954 முதல் நடக்கிற ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் போன்றவை. இரண்டாவது, ரயிலில் போய்வரக்கூடியவை: கேரளச் சலச்சித்திர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா, 1990இல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற மும்பை ஆவணப்பட, குறும்பட விழா, மலைக்கு மேலே தர்மசாலா விழா. மூன்றாவது, நம் ஆட்கள் பார்க்கிற விழாக்கள்: மறுபக்கம் அமைப்பு 1998இல் மதுரையில் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா, 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா. என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது பங்கைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். புளி உருண்டையைப் பார்த்ததும் விளக்கமே இல்லாமல் புரிந்துகொள்கிற கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

அனுப்பும் வரிசையும் முக்கியம். உலகில் முதல் திரையிடல், நாட்டில் முதல் திரையிடல் என்று பல விழாக்கள் கேட்கும். சின்ன விழா ஒன்றில் முதலில் போட்டுவிட்டால் பெரிய விழாவின் கதவு அடைபடலாம். விதிமுறைப் பக்கத்தை முழுவதும் படியுங்கள். விழாச் சுற்று முடிகிறவரை படத்தை யூடியூபில் பொதுவில் ஏற்றவே ஏற்றாதீர்கள். தேர்வுக்கு அனுப்ப, விமியோ என்கிற வீடியோ தளத்தில் ஏற்றி பாஸ்வேர்டு போட்ட லிங்க் வசதியானது; பிறகு திருத்திய படத்தை ஏற்றினாலும் லிங்க் மாறாது. பாஸ்வேர்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

பணம்

ஒரே விழாவுக்கு முதல் கெடு, வழக்கமான கெடு, கடைசிக் கெடு என்று இருக்கும். நாள் தள்ளத் தள்ளக் கட்டணம் ஏறும். எக்ஸெல்லில் கெடு, கட்டணம், முதல் திரையிடல் விதி, முடிவு சொல்லும் தேதி என்று நான்கு கட்டம் போட்டு, திங்கள்கிழமை காலையில் ஒரு தடவை பாருங்கள்.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மின்னஞ்சல் ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: நான் யார், படம் எதைப் பற்றியது, இந்த விழாவில் ஏன் காட்ட நினைக்கிறேன், சொந்தப் பணத்தில் எடுத்தது, லிங்க் இது. கெடுவுக்கு ஒரு மாதம் முன்னால் அனுப்புங்கள். 14 விழாக்களுக்கு எழுதினேன். ஐந்து பேர் தள்ளுபடி கொடுத்தார்கள். அதில் இருவர் படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள்.

பெயருக்கு மட்டும் விழா நடத்துகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாதாமாதம் விருது, ஐம்பது அறுபது பிரிவு, எந்த அரங்கு என்ற தகவலே கிடையாது, ஜெயித்தால் கோப்பையை நாமே காசு கொடுத்து வாங்க வேண்டும். இப்படி ஒன்றில் எனக்கு ‘சிறந்த இயக்குநர்’ கிடைத்தது. ஒருவர்கூடப் படத்தைத் திரையில் பார்க்கவில்லை. என் விமியோ கணக்கில் அந்த மாதம் ஒரு பார்வைகூடப் பதிவாகவில்லை. பணம் கட்டும் முன் போன வருடத் திரையிடல் புகைப்படங்களைத் தேடுங்கள். ஆட்கள் நிறைந்த அரங்கு தெரிகிறதா என்று பாருங்கள். போன வருடம் அங்கே படம் காட்டிய ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வரும்.

தேர்வான பிறகு

டிசிபி கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துகொள்ளலாம். வழக்கமான 16:9 படத்தை 1998க்கு 1080 பிக்சல் என்ற ஃபிளாட் சட்டத்தில் வையுங்கள். இரண்டு ஓரத்திலும் 39 பிக்சல் கறுப்பு வரும், யாருக்கும் தெரியாது. கோப்புக்குப் பூட்டுப் போடுகிற என்க்ரிப்ட் வேலையைச் செய்யாதீர்கள். செய்தால் ஒவ்வொரு அரங்கின் கருவிக்கும் தனித்தனிச் சாவி அனுப்ப வேண்டும். அதில் தேதி தவறினால் படமே ஓடாது.

செய்து முடித்ததும் ஒரு நிஜ அரங்கில் ஓட்டிப் பாருங்கள். காலைக் காட்சிக்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டால் தெரிந்த தியேட்டர்காரர்கள் கொடுப்பார்கள். நான் இதைச் செய்யவில்லை. ஒரு விழாவில், புளியைத் தொடுகிற அந்த ஷாட் வந்தது. என் லேப்டாப்பில் விரல், தட்டு, புளியின் ஈரப் பளபளப்பு எல்லாம் தெரியும். அங்கே திரை முழுக்கக் கறுப்பு. ஒரு கை அசைவது மட்டும் தெரிந்தது. அரங்கில் சத்தமே இல்லை. அவர் கண்டுபிடித்தது என்ன என்று ஒருவருக்கும் புரியவில்லை. திரும்பி வந்ததும் அந்த ஒரு ஷாட்டைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, புளியின் விளிம்பில் மட்டும் மஞ்சள் ஏற்றி, புது டிசிபி செய்தேன். அடுத்த விழாவில் அதே இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி, “அய்யய்யோ” என்றார். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பரிசு அந்தக் குரல்தான்.

தணிக்கைச் சான்றிதழ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இந்திய விழாக்கள் தாங்கள் காட்டுகிற படங்களுக்கு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கும். உங்களிடம் கதைச் சுருக்கமும் விவரங்களும்தான் கேட்பார்கள். எப்போதும் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது; 2017இல் திருவனந்தபுரம் விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. தேசிய விருதுக்கு அனுப்புவதானால் சான்றிதழ் கட்டாயம். அதற்குத் தனியாக நாளும் பணமும் ஒதுக்குங்கள்.

நேரில் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். குறும்படக்காரர்களுக்கு விமானச் செலவு கொடுப்பவர்கள் குறைவு. தங்குமிடம் கேட்டால் பலர் தருவார்கள். ஐரோப்பிய விழா என்றால் அழைப்புக் கடிதம் வந்த அன்றே ஷெங்கன் விசா வேலையைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அங்கே போனதும் உங்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பாதீர்கள். மற்றவர்களின் படங்களைப் பாருங்கள், பிடித்திருந்தால் போய்ச் சொல்லுங்கள். என் அடுத்த படத்தின் ஒலிப்பதிவாளரை நான் ஒரு விழாவின் டீ வரிசையில்தான் சந்தித்தேன்.

சுற்று முடிகிறபோது

படம் முடிந்து இரண்டு வருடம் தாண்டினால் பல விழாக்கள் வாங்காது. அத்தோடு நிறுத்திக்கொண்டு இணையத்தில் ஏற்றிவிடுங்கள். டிசிபி, தனி ஒலித் தடங்கள், சப்டைட்டில் கோப்பு, எடிட் ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். என்னுடையதில் ஒன்று சாலிகிராமத்தில் இருக்கிறது. இன்னொன்று, தராசுக்காரராக நடித்த அண்ணாச்சியின் கடை மேஜை டிராயரில், முத்திரை போட்ட எடைக்கற்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதை லேப்டாப்பில் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவேன். அவர் ஒவ்வொரு தடவையும் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் ஓட்டிக் காட்டச் சொல்வார்.