பாட்டு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: டெல்டா ஆசிரியர்களுக்கு

கும்பகோணத்தில் மாயவரம் பஸ் ஏறினால் நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் திருவையாறு. தெற்கே, கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த திருவாரூர். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பள்ளிகளில் பாட்டு வகுப்பு கரோக்கியை நம்பி நடக்கிறது. அப்படியே வெளியிலிருந்து ஒரு வித்வானை அழைத்தாலும், இடம் தேடிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும், முன்னேற்பாடு இல்லாமல் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

முதலில் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் ஸ்வர உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண் ஆசிரியர் தன் குரலுக்கு ஏற்ற ஒன்றாம் கட்டையில் பாடுவார், அதையே பிள்ளைகளும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். மேல் ஸட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) தாண்டியதும் வகுப்பு முழுக்கக் கத்தல்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை வைத்துப் பாருங்கள், குரல் தானாக இறங்கி உட்காரும். எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. ‘உனக்குப் பாட்டு வராது’ என்று அப்போது சொல்லிவிடாதீர்கள். ஒரு வருஷம் அவன் தாளம் போடட்டும், கஞ்சிரா தட்டட்டும்.

நாதஸ்வர வித்வானை அழைக்கும்போது நடப்பது இதைவிடப் பெரிய தவறு. ஓர் ஆண்டு விழாவில், வரவேற்புப் பாட்டை நாதஸ்வரத்தோடு பிள்ளைகள் பாடினால் அழகாக இருக்கும் என்று ஏற்பாடு செய்தேன். ஒத்திகையில் பாடியது சுருதிப் பெட்டிக்கு, ஐந்தரையில். வித்வான் கொண்டுவந்த பாரி நாதஸ்வரம், அதாவது நீளமான வகை, இரண்டரைக் கட்டை. சரணத்துக்குப் போகும் முன்பே பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கியதும் அவர் கோபப்படாமல், “முந்தின நாளே ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே டீச்சர், இது குழந்தைங்க குரலுக்கு ஏறாது” என்றார். வெட்கமாகப் போயிற்று. வாத்தியத்தின் சுருதி என்ன என்று கேட்டுவிட்டு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

அடுத்த முறை மேடையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மைக் இல்லை, சினிமாப் பாட்டு கேட்பதும் இல்லை. வேப்பமரத்தடியில் பாய் விரித்து நாற்பது பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தோம். மூடிய அறையில் தவில் சத்தம் காதைப் பிளக்கும், அதனால் வெளியேதான் வைக்க வேண்டும். நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வித்வான் வாயில் வைத்து ஈரமாக்கிப் பதம் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். அது நாணல் என்றதும் ஒரு பெண் நம்பவில்லை, கையில் வாங்கிப் பார்த்தாள். குழல் ஆச்சா மரம், பழைய வீட்டுக் கட்டைதான் நல்லது என்றார். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியதும் பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகு வித்வான் அரை மணி ஆபோகி ராகம் வாசித்தார். ஒருவரும் அசையவில்லை.

முகூர்த்த மாதங்களில் அழைத்தால் வர மாட்டார்கள், வந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புரட்டாசி, மார்கழி பார்த்துக் கேளுங்கள். சன்மானத்தை முன்னதாகப் பேசி, அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். பொன்னாடையோடு அனுப்பிவிடுவது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்குச் சுற்றுலா மாதிரி கூட்டிப்போவதும் வீண். கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முதுகுகள்தான் தெரியும். போவதற்கு ஒரு மாதம் முன்பே அங்கே எல்லோரும் சேர்ந்து பாடும் பஞ்சரத்தின கிருதிகளின் ராகங்களான நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்துக்கும் ஆரோகண அவரோகணம் பாடவையுங்கள். கிருதிகள் முழுசும் இந்த வயதில் முடியாது. ஆனால் ஐந்தும் ஆதி தாளம். எட்டு எண்ணத் தெரிந்த குழந்தை கூட்டத்தோடு சேர்ந்து கடைசி வரை தாளம் போட முடியும். அப்படிப் போட்ட பிள்ளைக்கு ஆரபி எப்போது தொடங்கியது என்று தெரிந்திருக்கும்.

நடனம் பயிலும் பிள்ளைகளைக் கரணச் சிற்பம் (நடன நிலைகளைக் காட்டும் சிற்பம்) காட்டத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்குள்ள 81 கரணங்களும் விமானத்தின் மேல்தளத்துக்குள் இருக்கின்றன, பொதுவாக யாரையும் ஏற்ற மாட்டார்கள். கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கோபுரத்திலும் சிதம்பரம் கோபுர வாசல்களிலும் நின்று பார்க்கலாம். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலும் இதே கதைதான். சுவடிகளைப் பிள்ளைகள் கையில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, நூலகம் அச்சிட்டு விற்கும் இசை, நாட்டிய நூல்களை வாங்கிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

தேவாரத்தை மனப்பாடச் செய்யுளாக ஒப்பிக்க வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தேவாரப் பதிகங்களுக்குப் பண் என்ற பழைய ராக முறை உண்டு. ‘கூற்றாயினவாறு’ பதிகத்துக்குக் கொல்லிப் பண், இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். பாடத்தில் ஒரு பதிகம் வந்தால், பக்கத்துக் கோயில் ஓதுவாரிடம் பண்ணோடு கேட்டுவந்து சொல்லிக்கொடுங்கள். மாலைப் பூஜையான சாயரட்சைக்கு முன் போனால் பேச நேரம் இருக்கும்.

கடைசியாக, பெற்றோர் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளி மூன்றாண்டு முழுநேரப் படிப்பு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒத்துவராது. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, வகுப்பு சனி, ஞாயிறு. பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டி அறிவிப்பு வந்த பிறகு அங்கே ஓடினால் இரண்டு வாரத்தில் ஒரு பாட்டை உருப்போடத்தான் முடியும். ஜூனிலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.