போர்ட் ஐசக் போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் வடகரையில் இருக்கும் சின்ன மீன்பிடி ஊர் போர்ட் ஐசக். ‘டாக் மார்ட்டின்’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு இதுதான் போர்ட்வென். 2004-இல் ஐடிவியில் தொடங்கிய தொடர் 2022 கிறிஸ்துமஸோடு முடிந்தது. ரத்தத்தைப் பார்த்தால் குமட்டுகிற அந்தச் சிடுமூஞ்சி டாக்டரைத் தேடி இன்னும் கூட்டம் வருகிறது. எங்கள் அத்தையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். “அவர் வீட்டு வாசல்ல ஒரு போட்டோ, அது போதும்டா” என்பார். அவரைப் போன்ற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இது.

தேதி குறிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது வானிலையை அல்ல, ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதை. இந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் கடல் ஆறு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ நாம் பார்த்த கடல் இப்படிச் செய்யாது. தண்ணீர் வற்றினால் துறைமுகம் முழுக்க மணல். படகுகள் ஒருக்களித்துக் கிடக்கும், நங்கூரக் கயிறுகளில் பச்சைப் பாசி தொங்கும், அதற்கு நடுவே நீங்கள் நடந்து போகலாம். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நீங்கள் நின்ற இடத்துக்கு மேலே அதே படகுகள் மிதந்துகொண்டிருக்கும். தொடரில் வரும் நீலத் துறைமுகம் வேண்டுமென்றால் தண்ணீர் ஏறிய நேரம். மணலில் இறங்கி ஊரைத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் வற்றிய நேரம். இரண்டும் ஒரே நாளில் கிடைக்க வழி உண்டு. பௌர்ணமி, அமாவாசை கழிந்த ஓரிரு நாட்களில் இந்தப் பக்கம் பெரிய வற்றம் நண்பகல் வாக்கில் வரும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே தேதியைச் சொல்லிவிடும். காலை பதினொன்றுக்குள் போய்ச் சேர்ந்தால் மணல். மாலை வரை இருந்தால் நிறைந்த கடல். சரியான நேரத்துக்கு மட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். சில அட்டவணைகள் கோடையிலும் ஜிஎம்டி நேரத்தையே போடும்; கோடையில் இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், அப்போது ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காரில் போனால் மேட்டில் இருக்கும் கட்டணக் கார் நிறுத்தத்திலேயே விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் சொல்கிறதென்று கீழே இறங்கினால், எதிரே ஒரு டெலிவரி வேன் வந்ததும் ஏறுமேட்டில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான். மணலில் கார் நிற்பதைப் பார்த்தால் நாமும் நிறுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம், கடல் காத்திருக்காது. ரயிலில் என்றால் லண்டன் பேடிங்டனிலிருந்து பாட்மின் பார்க்வேக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்; அங்கிருந்து வேட்பிரிட்ஜ் வழியாக பஸ். பஸ் குறைவு. திரும்பி வரும் பஸ்ஸை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

மேலிருந்து நடந்து இறங்கும்போது முதலில் தொடரில் வரும் டீச்சர் லூயிசாவின் பள்ளிக்கூடம் வரும். முன்பு நிஜமாகவே பள்ளிதான், இப்போது ஹோட்டல். ஃபோர் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் மிசஸ் டிஷெல்லின் மருந்துக் கடை. படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அங்கே விற்றது மிட்டாய். கீழே தண்ணீர் ஓரமாக இருக்கும் திறந்த இடத்தை ‘த பிளாட்’ என்கிறார்கள். ஃபிஷர்மன்ஸ் ஃப்ரெண்ட்ஸ் என்ற மீனவர் பாட்டுக் குழு கோடை வெள்ளிக்கிழமைகளில் பாடிப் பேர் வாங்கியது இங்கேதான். பக்கத்திலேயே ‘ஸ்க்வீஸி பெல்லி ஆலி’ என்ற சந்து. ஒடுங்கிய இடத்தில் அகலம் ஒன்றரை அடிதான். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும். அத்தை பக்கவாட்டில் நடந்தே கடந்துவிட்டார். நான்தான் திணறினேன்.

டாக்டர் வீடு துறைமுகத்தின் மறுபக்கம், ராஸ்காரக் ஹில் ஏற்றத்தில். அது யாரோ ஒருவரின் வீடு. விடுமுறைக்கு வருபவர்கள் வாடகைக்குத் தங்குவார்கள். வாசற்படியில் உட்காராதீர்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் அங்கே ஒன்றும் கிடையாது. டாக்டர் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் வரும் காட்சியெல்லாம், ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் போட்ட செட்டில் எடுத்தது. தெருவோரமாக நின்று வாசலில் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நல்ல படம் வேண்டுமென்றால் எதிர்க்கரையிலிருந்து எடுங்கள். சரிவில் அடுக்கிய வீடுகளும் கீழே துறைமுகமும் சேர்ந்து விழும்.

சாப்பாட்டுக்கு நண்டு சாண்ட்விச். சைவம் என்றால் சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுட்ட ‘பாஸ்டி’. வெளியே உட்கார்ந்தால் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். கடற்காகம் பின்னாலிருந்துதான் வரும், கேட்டுவிட்டு எடுக்காது.

முட்டி வலி உள்ளவர்களுக்கு இறங்குவதைவிட ஏறித் திரும்புவதுதான் கஷ்டம், அதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தெம்பு இருப்பவர்கள் டாக்டர் வீட்டைத் தாண்டி மேற்கே கடலோரப் பாதையில் ஏறலாம். லாபர் பாயிண்ட் முனை வரை போனால் திறந்த அட்லாண்டிக் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். அதற்கு மேல் போர்ட் க்வின் வரை ஏறி இறங்கும் படிகள் ஏராளம். போர்ட் க்வினில் பஸ்ஸும் இல்லை, நடந்துதான் திரும்ப வேண்டும்.