பாதுகாப்புத் துறை ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி: ஒரு பிவிசி பைப்பும் இரும்புத் தகடும் சொல்லிக்கொடுத்தது

எங்களுடையது ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், பட்டறை புதுச்சேரி தட்டாஞ்சாவடியில். பீரங்கிக் குண்டுக்குள் உட்காரும் மின்னணுப் பலகை, சுடும்போது வாங்கும் அடியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றுக்காகப் பாதுகாப்புத் துறை நிதிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம். முதல் முறை நேர்காணலோடு திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை கிடைத்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது "எங்கே ஆரம்பிக்கணும்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

கருவியின் உள்விவரம் எதுவும் இதில் வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விண்ணப்பம் போடும் வழி மட்டும்தான்.

படி 1: எந்தக் கதவைத் தட்டுவது

சிறு கம்பெனிக்கு முதல் கதவு ஐடெக்ஸ், பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டம். 2018 ஏப்ரலில், நாம் சென்னைக்குப் போகும் இசிஆர் ரோட்டில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில்தான் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று பிரச்சினைகளை எழுதி வெளியிடும். நீங்கள் தீர்வோடு வர வேண்டும். சாதாரணப் போட்டியில் 1.5 கோடி வரை, ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை, 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை மானியம். பட்டியலில் இல்லாத யோசனை என்றால் 'ஓப்பன் சேலஞ்ச்' என்று தனி வழி இருக்கிறது.

இரண்டாவது, மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி, சுருக்கமாக டிடிஎஃப். திட்டத்துக்கு 50 கோடி வரை, செலவில் 90 சதவீதம் வரை கொடுப்பார்கள். ஆனால் உருவாகும் அறிவுசார் சொத்துரிமையில் டிஆர்டிஓவும் பங்காளி. கல்லூரியில் வேலை பார்ப்பவர் என்றால் டிஆர்டிஓ உயர்கல்வி நிறுவனங்களில் வைத்திருக்கும் ஆய்வு மையங்கள் வழியாகப் போவது நல்லது. ஐஐடி மெட்ராசில் ஒன்று இருக்கிறது.

என் கருத்து: முதல் முறை போடுபவர்கள் ஐடெக்ஸ் சாதாரணப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய தொகையைப் பார்த்து ஓடினால் பெரிய கேள்விகளும் வரும்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். கடலூர் இல்லை, புதுச்சேரி வேறு ஆட்சிப்பகுதி. அதனால் விண்ணப்பிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது மத்திய அரசுப் பணம். வழிகாட்டல் வேண்டுமானால் கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் போன்ற இடங்களைக் கேட்கலாம்.

படி 2: காகிதங்கள்

கம்பெனிப் பதிவு, டிபிஐஐடி (மத்தியத் தொழில் மேம்பாட்டுத் துறை) ஸ்டார்ட்அப் அங்கீகாரம், சிறுதொழில் பதிவான உத்யம் சான்று எல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஆடிட்டரைப் பிடியுங்கள், இரண்டு வாரத்தில் முடியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. எங்கள் பதிவு அலுவலகம் கடலூர், ஜிஎஸ்டி எண் 33இல் ஆரம்பிக்கும். பட்டறை வாடகைப் பத்திரமும் கரண்ட் பில்லும் புதுச்சேரி, அங்கே ஜிஎஸ்டி 34. விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் கடலூர் என்றும் இன்னோர் இடத்தில் தட்டாஞ்சாவடி என்றும் எழுதி, "உங்கள் கம்பெனி எங்கேதான் இருக்கிறது?" என்று போனில் கேட்க வைத்துவிட்டோம். உத்யம் சான்று ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுதான், ஆனால் அதில் பல இடங்களைச் சேர்க்கலாம். இரண்டு முகவரியையும் சேர்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

படி 3: பிரச்சினையை வாசிப்பது

வெளியிட்டிருக்கும் பிரச்சினை அறிக்கை ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். திரையில் படிக்காதீர்கள், அச்செடுங்கள். எண் வரும் இடமெல்லாம் ஒரு நிறம், 'எந்தச் சூழலில்' என்று வரும் இடமெல்லாம் இன்னொரு நிறம் பூசுங்கள். எண்ணும் சூழலும் இல்லாமல் மொட்டையாக நிற்கும் வரிகளைத் தனியாகக் குறியுங்கள். விளக்கக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான்.

வழிகாட்டும் குண்டுகள் சம்பந்தப்பட்ட அறிக்கை என்றால் சிஇபி என்ற சொல் கட்டாயம் வரும். ஒரே இலக்கைக் குறிவைத்துப் பல குண்டுகள் சுட்டால், அதில் பாதி விழுகிற வட்டத்தின் ஆரம் அது. 2024இல் ஐஐடி மெட்ராசும் குண்டுகள் தயாரிக்கும் அரசு நிறுவனமான மியூனிஷன்ஸ் இந்தியாவும் சேர்ந்து அறிவித்த 155 மி.மீ. ஸ்மார்ட் குண்டுத் திட்டத்தில் இலக்கு 10 மீட்டர். இங்கே செய்யும் வழக்கமான குண்டுக்கு 500 மீட்டர் என்று அப்போது சொன்னார்கள். சிஇபி 10 மீட்டர் என்றால் எல்லாக் குண்டும் 10 மீட்டருக்குள் விழும் என்று எங்கள் முதல் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அது தப்பு, பாதிதான்.

கடலூர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரத்தில் உள்ள ஊர்களும் விலையில் சேர்த்தி. கோட்டையிலிருந்து நாலு பக்கமும் சுட்டு எல்லை போட்டார்கள். குண்டு கிராமங்கள் என்று பெயரே வந்துவிட்டது. அன்றைக்கு வேண்டியது தூரம் மட்டும். குண்டு குளத்தில் விழுந்தாலும் வயலில் விழுந்தாலும் கம்பெனிக்கு லாபம்தான். சிஇபி கேட்க ஆளில்லை.

படி 4: சோதனைப் பக்கம் (நான் விழுந்த இடம்)

விண்ணப்பத்தில் டிஆர்எல் என்று ஒரு கட்டம் இருக்கும். தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண். நாசாவில் பிறந்த அளவுகோல். யோசனை வேலை செய்யும் என்று காட்டிவிட்டால் 3, ஆய்வகத்தில் சோதித்துவிட்டால் 4, நிஜத்துக்கு நெருக்கமான சூழலில் மாதிரியை ஓட்டிக் காட்டினால் 6. நான் தைரியமாக 6 போட்டேன். பட்டறையில் மூன்று மீட்டர் பிவிசி பைப்பைச் செங்குத்தாகக் கட்டி, அடியில் இரும்புத் தகடு வைத்து, கருவியை மேலிருந்து போட்டுப் போட்டுப் பதிவு எடுத்திருந்தோமே, அந்தத் தைரியம்.

நேர்காணலில் அந்தப் பதிவின் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். குழுவில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரை நிமிடம் பார்த்தார். "உச்சி ஏன் தட்டையாக இருக்கிறது?" என்றார். பார்த்தேன். இளநீர் சீவின மாதிரி, எல்லா அலையும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. நாங்கள் போட்டிருந்த சென்சார் 200 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 200 மடங்கு வரைதான் அளக்கும். அதற்கு மேல் என்ன அடி விழுந்தாலும் 200 என்றே சொல்லும். ஆறு மாதம் தினமும் பார்த்த வரைபடம். எங்கள் ஐந்து பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

கணக்கு ரொம்ப எளிது. விழும் உயரத்தை, நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி கிடைத்துவிடும். 3 மீட்டரிலிருந்து விழுந்து 1 மில்லிமீட்டரில் நின்றால் 3000 ஜி. இந்த ஒரு வரியை முதல் நாளே போட்டிருந்தால் அந்தச் சென்சாரை வாங்கியே இருக்க மாட்டோம்.

அடுத்த கேள்வி அதைவிட மோசம். "அடி எவ்வளவு நேரம் நீடிக்கிறது?" பதில் இல்லை. ஊருக்கு வந்து, பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெரு ஹவில்தார் ஐயாவிடம் புலம்பினேன். "தம்பி, நீ போடறது சுத்தியல் அடி. துப்பாக்கிக் குழல்ல அது அடியில்ல, தள்ளு. குண்டு வெளிய வர்ற வரைக்கும் பின்னாடி ஒருத்தன் விடாம தள்ளிக்கிட்டே இருப்பான்" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 155 மி.மீ. பீரங்கியில் 39 காலிபர் என்றால் குழல் நீளம் விட்டத்தைப் போல 39 மடங்கு, சுமார் 6 மீட்டர். குண்டு வெளியே வரும் வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்று வைத்தால், குழலுக்குள் இருக்கும் நேரம் சுமார் 15 மில்லி நொடி. எங்கள் பைப்பில் அடி நீடிப்பது கால் மில்லி நொடி. அறுபது மடங்கு வித்தியாசம். உச்ச அடியும் நிஜத்தில் 10,000 ஜியைத் தாண்டும். பைப் சோதனையை வைத்துக்கொண்டு 6 என்று எழுதியது எவ்வளவு பெரிய கூத்து என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் முறை வேலையைத் தலைகீழாகச் செய்தோம். முதலில் சோதனைப் பக்கத்தை மட்டும் எழுதினோம். எங்கள் பைப் எதைக் காட்டும், எதைக் காட்டாது. சென்சாரின் உச்ச வரம்பு என்ன, அதை அளவுத்திருத்தம் செய்த, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகரித்த ஆய்வகத்தின் சான்று எங்கே. நிஜச் சூழல் சோதனைக்கு என்ன மாதிரிக் கூடம் வேண்டும், அது எங்களிடம் இல்லை, மூன்றாம் கட்டத்தில் படைத் தரப்பு ஏற்பாடு செய்து தர வேண்டும். எத்தனை முறை சோதித்து எத்தனை முறை தேறினால் வெற்றி. டிஆர்எல் கட்டத்தில் 3. மீதிப் பக்கங்கள் எல்லாம் இதிலிருந்து தானாக வந்துவிட்டன. நேர்காணலில் பாதி நேரம் இந்த ஒரு பக்கத்திலேயே போனது, இந்த முறை நல்லவிதமாக.

படி 5: பணம்

ஐடெக்ஸ் மானியம் திட்டச் செலவில் பாதிதான். மறுபாதி உங்கள் பங்கு. பணமும் மொத்தமாக வராது, கட்டம் கட்டமாக, முடித்ததைக் காட்டக் காட்ட வரும். எனவே கட்டங்களைச் சின்னதாக வெட்டுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு வெளியூர்ச் சோதனைக்கு மேல் வைக்காதீர்கள். சோதனைக்கூடத் தேதி தள்ளிப்போனால் அந்தக் கட்டம் முழுக்கத் தொங்கும், சம்பளம் உங்கள் பையிலிருந்து போகும்.

கருவிகள் பற்றி இரண்டு வரி. பட்ஜெட்டை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் போடுங்கள், போதும். கணக்கீடுகளுக்கு பைத்தான். மேட்லேப் உரிமம் இல்லாமல் ராணுவ ஆய்வு செய்ய முடியாது என்று பயமுறுத்துபவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். பவர்பாயின்டில் அசையும் ஏவுகணைப் படம் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை

இது வெளிவந்த பிறகு வந்த கேள்விகளில், நான் யோசித்தே பார்க்காதவை சில.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர்: கம்பெனியில் 60 சதவீதப் பங்கு அவருடைய மாமாவுடையது, மாமாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட். புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு இருக்கிற கதை. மாமா உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே இருந்தாலும் கணக்கில் அது வெளிநாட்டுக்காரர் பங்காக எடுத்துக்கொள்ளப்படலாம். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. டிடிஎஃப்பில் வெளிநாட்டுப் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற திட்டங்களின் வரம்பை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். பங்கை மாற்றுவதானால் விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

இன்னொருவர் வரைபடங்களை ஜெர்மனியில் இருக்கும் நண்பருக்கு மெயிலில் அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். உடனே நிறுத்துங்கள். ஸ்கோமெட் என்று ஓர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது, அதில் ஆறாவது வகையே படைக்கலங்கள்தான். பட்டியலில் வரும் தொழில்நுட்பத்தை மெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான், அனுமதி வேண்டும்.

வெடிமருந்தைத் தொட வேண்டிய ஆய்வா என்று மூன்று பேர் கேட்டார்கள். எங்களுடையதில் ஒரு கிராம்கூடக் கிடையாது. உங்களுடையதில் இருந்தால் 2008ஆம் வருட வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இல்லாமல் பட்டறைக்குள் கொண்டுவரவே கூடாது. முதல் முறை விண்ணப்பிப்பவர்கள் சென்சார், பேட்டரி, சோதனைக் கருவி, மென்பொருள் பக்கமாகவே யோசியுங்கள். அங்கேயே வேலை கொட்டிக் கிடக்கிறது.

சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவர் இரும்புத் தகடு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். முதுநகர் பழைய இரும்புக் கடையில், எடைக்கு. 25 மி.மீ. கனம். தரை உடையாமல் இருக்க அடியில் மணல் மூட்டை வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். தகடே அமுங்கிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தது. கான்கிரீட் தரையில் நேராகப் போல்ட் அடித்து இறுக்கிவிடுங்கள். பைப்புக்குள் காற்று அடைபட்டு வேகம் குறையும், அதனால் பக்கவாட்டில் ஒரு சாணுக்கு ஒரு ஓட்டை போடவும் மறக்காதீர்கள்.