மஞ்சளாகாத குறிஞ்சிப் படம்

கொடைக்கானல் விடுதி ஒன்றுக்கு 2018 குறிஞ்சிப் பூப்பின் படங்களை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். ஜன்னலோரம் மாட்டியவற்றில் வெள்ளை மேகங்கள் மஞ்சளேறின. விடுதிக்காரர் மையைச் சந்தேகித்தார்; அது நிறமி மை, அவ்வளவு சீக்கிரம் மங்காது. தாளில்தான் கோளாறு. பளிச்சென்ற வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்வூட்டி, புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு வலுவிழக்கும். தாளின் உண்மை நிறம் தெரிந்துவிடும்.

இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால், ஒளிர்வூட்டி உள்ள தாள் நீலமாக ஒளிரும். ஒளிராத, அமிலமற்ற 100% பருத்தித் தாளில், சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேற்பட்டதாகப் பார்த்து மறுபடி அச்சிட்டேன். வெள்ளை சற்றே பால்நிறம்தான். மூடுபனிக்கு அதுவே அழகு. தாளுக்கேற்ற ஐசிசி புரொஃபைல் (அச்சுப்பொறிக்கும் தாளுக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கணினிக் கோப்பு) போடாவிட்டால் குறிஞ்சியின் ஊதா பிசகும்.

மலை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே, படம் தெரியும்படி ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை வேண்டும், அதுவும் அமிலமற்றதாக.